ஓடைப் பாதையில் ஒரு வணக்கம்

1

இந்தக் கதை கற்பனையில் பிறக்கவில்லை. என் அக்காவின் வலது உள்ளங்கையில் பிறந்தது. அந்தக் கையில் அன்று காலை நாய்ப் பீ அப்பியிருந்தது.

(முதல் பத்தியிலேயே இந்தச் சொல்லா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: ‘கழிவு’ என்று எழுதிப் பார்த்தேன். ‘அசுத்தம்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். தாளில் குமட்டுகிற இந்தச் சமாசாரம் பாதையில் கிடக்கும்போது மட்டும் எவருக்கும் குமட்டுவதில்லை.)

2

எழுதிக் கிழித்த தொடக்கங்களில் இரண்டு:

“ஓடை நீரில் காலை வெயில் பொன்னை உருக்கி ஊற்றியது போல—” எனக்கு இருக்கும் கோபத்துக்கு வெயில் ஒரு கேடா?

“நாய் நன்றியுள்ள பிராணி. ஆனால் அதன் கயிற்றின் மறுமுனையில் இருப்பவன்—” மேடைப் பேச்சு. வேண்டாம்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து தரும் கூடத்தில் வேலை. மெழுகில் பல்வரிசை செதுக்குவதில் அந்தக் கூடத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே அசைவு போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. தினமும் ஓடைக்கரைப் பாதை வழியாகச் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வேலைக்குப் போவாள். பாதையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு பக்கம் நடப்பவர்களுக்கு, மறுபக்கம் சைக்கிளுக்கு.

அன்று செவ்வாய்க்கிழமை. பின்னாலிருந்து ஒரு சைக்கிள். மணி அடிக்கவில்லை. கோட்டைத் தாண்டி இவள் பக்கம் வந்து, “ஓரம் போ! ஓரம்!” என்று ஒரு கத்தல். அக்கா பதறிப்போய் ஓரத்துக்கு ஒடித்தாள். அங்கே கிடந்த நாய்ப் பீயின் மேல் சக்கரம் ஏறியது. சைக்கிள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. (அவன் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிடைத்திருந்தால் இந்தக் கதை இன்னும் நீளமாக இருந்திருக்கும்.)

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே போடுகிறேன்: அந்த நாற்காலியில் டயரை ஒட்டினாற்போல் ஒரு வளையம் இருக்கும். அதைப் பிடித்துத் தள்ளினால்தான் வண்டி நகரும். டயரில் எது ஒட்டினாலும் அடுத்த சுற்றில் கைக்கு வந்துவிடும்.]

கைக்குட்டையால் துடைத்தாள். போகவில்லை. வேலையிடத்துக்கு இன்னும் எண்ணூறு மீட்டர். வழியில் குழாய் கிடையாது. தள்ளினால் கையில் ஏறும். தள்ளாவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தள்ளினாள். எண்ணூறு மீட்டருக்கு எத்தனை தள்ளு என்று எழுத நினைத்து—

வேலையிடத்தில் காவலாளிதான் ரப்பர் குழாயைப் பிடித்துச் சக்கரத்தைக் கழுவிவிட்டார். மேற்பார்வையாளர் மூக்கைப் பொத்தாமல் பேசுவதற்கு ரொம்பச் சிரமப்பட்டாராம். “இன்னிக்கு நீங்க பல்லைத் தொட வேணாம். போன் மட்டும் எடுங்க. நீங்க வேற வழியா வரக் கூடாதா?”

வேறு வழியில் படிக்கட்டு வைத்த மேம்பாலம் இருக்கிறது.

இந்த வருடத்தில் இது நான்காவது தடவை. “இப்படியே போனா என்னை நிரந்தரமா போன் மேசையில உக்கார வச்சிருவாங்கடா” என்றாள் அக்கா. அழவில்லை. நகத்துக்கு அடியில் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது முறை சோப்புப் போட்டதும் நான் பிரஷைப் பிடுங்கினேன்.

3

நாயின் சொந்தக்காரரை எழுதும்போது எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். கன்றுக்குட்டி அளவு நாயைக் கொடுத்தேன். வாசகருக்குப் பார்த்ததும் பிடிக்காமல் போகட்டும் என்று.

உண்மையில் அவர் ஓய்வுபெற்ற நூலகர். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல். நாயும் சின்னது, பழுப்பு நிறம். நாய் போவதை அள்ளுவதற்கான பிளாஸ்டிக் பைகள் சுருளாகக் கயிற்றில் தொங்கும். அவை நகை மாதிரி, பார்வைக்கு மட்டும். என் முதல் புத்தகத்தை நூலகத்தின் முன்வரிசையில் வைத்தவர் அவர்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அந்தச் செவ்வாய்க்கிழமை, அக்கா வருவதற்கு இருபது நிமிடம் முன்னால், அதே இடத்தில் நானும் நின்றிருந்தேன். நாய் முதுகை வளைத்து உட்கார்ந்தது. அவர் வானத்தைப் பார்த்தார். நானும் வானத்தைப் பார்த்தேன்.

“வணக்கம் தம்பி. மழை வரும்போல இருக்கே?”

“ஆமா சார்.”

ஒரு மேகம் இல்லை.

நாய் எழுந்தது. அவர் நடந்தார். நானும் நடந்தேன். பெரிய மனிதரிடம் போய் ‘அள்ளுங்க’ என்று சொல்வது மரியாதை இல்லை என்று நினைத்தேன். அக்காவுக்கு நடந்ததைக் கேட்டபோதும் இதை நான் சொல்லவில்லை.

4

அக்கா சும்மா இருக்கவில்லை. பாதையைப் பெருக்கும் அம்மாவிடம் விசாரித்தாள். “அந்தப் பழுப்பு நாய்தாம்மா. தினம் அதே இடம்” என்று அந்த அம்மா வீட்டையும் காட்டிவிட்டார்.

“நீயும் வா. பேச வேணாம், கூட நின்னா போதும்” என்று என்னை அழைத்துப் போனாள்.

வாசலில் மூன்று படி. அவர் மேலே நின்றார், அக்கா கீழே.

“சார், உங்க நாய் பாதையில போறத நீங்க அள்ளணும். என் கையில ஏறுது.”

“எங்க நாயா? அது அங்கெல்லாம் போகவே போகாதும்மா. எத்தனையோ நாய் வருது.”

“செவ்வாய்க்கிழமை காலையில?”

“செவ்வாய்க்கிழமையா?” அவர் முகம் மலர்ந்தது. “அன்னிக்குத் தம்பி என்கூடத்தானே பேசிட்டு இருந்தாரு! நீங்களே சொல்லுங்க தம்பி, எங்க நாய் போச்சா?”

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினாள்.

நான் சொன்னேன்: “நான்... கவனிக்கலையே சார்.”

திரும்பி வரும்போது பாதி தூரத்தில் நாற்காலியை நிறுத்தினாள். “பொய் சொல்றப்ப காது மடலைத் தொடுற பழக்கத்த நீ இன்னும் விடல” என்றாள்.

“அக்கா, அவரு பெரிய மனுஷன், மூஞ்சிக்கு நேரா எப்படி—”

“நான் அந்த வழியாத்தான் வருவேன்னு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல?”

5

இதுவரை எழுதியதோடு மூன்று முடிவுகளையும் சேர்த்து அக்காவிடம் கொடுத்தேன். ஒன்றில் நூலகர் மனம் வருந்தி மறுநாளே குனிந்து அள்ளுகிறார். இன்னொன்றில் அவரே அதில் வழுக்கி விழுகிறார். மூன்றாவதில், அந்தப் படிக்கு முன்னால் நின்று, “போச்சு சார், நான் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க” என்று நான் முழங்குகிறேன்.

மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள்.

“இது எப்ப நடந்துச்சு?”

“கதைதானேக்கா...”

“கதையில மட்டும் எப்படிடா உனக்கு வாய் வருது?”

மூன்றையும் ஒரே கோட்டில் அடித்தாள். தாள் கிழிந்தது. “என்னைப் பாவம்னு எழுதி, அவரைக் கெட்டவர்னு எழுதி, நீ நல்ல பேரு வாங்கப் பாக்கற. அவர்கிட்ட போய்ச் சொல்லு. என் முன்னாடி சொல்லு. அப்புறம் எழுது.”

அதனால் இங்கே முடிவு இல்லை. இப்போது காலை ஏழேகால். சட்டை மாட்டிவிட்டேன். அக்கா ஏற்கெனவே தெருவில் இறங்கிவிட்டாள், சக்கரச் சத்தம் கேட்கிறது. அந்த வாசலில் நான் வாயைத் திறந்தேனா இல்லையா என்று என்னிடம் கேட்காதீர்கள். நான் அழகாகச் சொல்லிவிடுவேன். அவளைக் கேளுங்கள்.