படத்தில் இருந்த வீடு

லோவல் பிரென்டிஸ் தன்னை முதலீட்டாளர் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அதற்கு முன் பல்மருத்துவர்களுக்கு நாற்காலி விற்றுக்கொண்டிருந்தார். ஓட்டலில் நடந்த இரண்டு நாள் வகுப்பில் ஞானம் பிறந்துவிட்டது. தவணை நின்றுபோன வீட்டுக் கடன்களின் அடமானப் பத்திரத்தை வங்கிகள் தள்ளிவிடுமாம். அதை அடிமாட்டு விலைக்கு வாங்கினால் கடன்காரன் இனி நமக்குக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வீடு நமக்கு. வீட்டை நேரில் பார்க்கக்கூட வேண்டாம், படம் போதும் என்றான் வகுப்பெடுத்தவன். தன் கட்டணத்தை மட்டும் அவன் படமாக வாங்கிக்கொள்ளவில்லை.

மனைவி டார்லீனின் ஓய்வுக்காலச் சேமிப்பை வழித்துத் துடைத்து, டொலிடோ நகரில் ஒரு வீட்டின் பத்திரத்தை வாங்கினார். படத்தில் வெள்ளை வராந்தா, சிவப்புக் கதவு, வாசலில் மேப்பிள் மரம். கடன்காரன் ஊரைவிட்டே ஓடிவிட்டான் என்றதும் மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு மடியில் விழுந்தாயிற்றே!

பணம் கட்டிய பிறகுதான் பார்க்கப் போனார். மரம் இருந்தது. சிமெண்டுப் படிகள் இருந்தன. படிக்கு அந்தப் பக்கம் வெறும் புல்.

பக்கத்து வீட்டு கிளியோதா பிக்ஸ் புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்தினாள்.

"நீங்களும் பத்திரம் வாங்கினவரா?"

"வீடு எங்கம்மா?"

"கூரை விழுந்துடுச்சுன்னு நகராட்சியில இடிச்சு ரெண்டு வருஷமாச்சு. இடிச்ச கூலியும் வரி பாக்கியும் மனை மேல ஏறிக் கெடக்கு. மொதல்ல அதைத்தான் கட்டணும்."

"என்கிட்ட படம் இருக்கே!" என்று போனை நீட்டினார்.

"முன்னாடி வந்த ரெண்டு பேரும் இதையேதான் காட்டினாங்க. வாங்கறதுக்கு முன்னாடி தெருப்பக்கம் ஒரு தடவை வந்துட்டுப் போனா காலா தேஞ்சுடும்?"

லோவல் காருக்குத் திரும்பினார். டார்லீன் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று நின்று கால் வீங்கச் சேர்த்த பணம். காருக்குள் உட்கார்ந்து அழுதிருந்தால் பாவம் பார்க்கலாம். அழவில்லை. பத்திரம் வாங்கிய இணையதளத்திலேயே அதை விற்பனைக்குப் போட்டார். அதே படம். 'அழகான வீடு, நேரில் பார்க்கத் தேவையில்லை.'

போன் அடித்தது. டார்லீன்.

"வீடு எப்படி இருக்கு?"

"படத்துல பாத்தியே, அப்படியே இருக்கு."

"அப்பாடா! கிளம்பிடாத, அங்கேயே இரு. மத்தியானத்துக்கு சாண்ட்விச் கட்டி எடுத்துக்கிட்டு நானும் வந்துக்கிட்டிருக்கேன். அந்த வராந்தாவுல உக்காந்து சாப்பிடலாம்."