காற்சட்டை ஓரத்து மஞ்சள்

மாகாணத்தில் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு அது முதல் வருடம். முதல் வருடம் எப்படி இருக்கும்? வீரர்கள் காலையில் வீடு வீடாகப் பொதி கொடுத்துவிட்டுப் பின்னேரம் ஆட வந்தார்கள். ஒரு பாடசாலை மண்டபம்தான் களம். உடுப்புத் தோய்க்க ஆள் கிடையாது, அவரவர் உடுப்பு அவரவர் வீட்டுக்குப் போகும். மொன்றியல் அணிக்குக் காகங்கள் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தக் காகக்கூட்டம் இருபது ஆட்டங்களில் பதினேழை வென்று இறுதி ஆட்டத்துக்கு வந்து நின்றது.

பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆள் தனோஜன். பதினேழு வெற்றியையும் மூன்று தோல்வியையும் அவன் களத்தோரத்து வாங்கில் குந்தியிருந்தபடியே பார்த்து முடித்தான். அவனுடைய அக்கா துஷாந்தினி பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோ ஏறி, ஒரு ஆட்டம் விடாமல் வந்து, தம்பி வாங்கில் இருப்பதைப் பார்த்துவிட்டுப் போனாள். விசர் வேலைதான். ஆனால் அவனுக்கென்று வந்து கைதட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

இறுதி ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, இந்தப் பருவத்தோடு அணியை மூடுவதாக உரிமையாளர் அறிவித்தார். தனோஜனுக்கு முப்பத்திரண்டு வயது. முழங்காலை இரண்டு தடவை வெட்டித் தைத்திருந்தது. இனி இன்னொரு அணி அவனைக் கூப்பிடும் என்று நினைக்க துஷாந்தினிக்கே வெட்கமாக இருந்தது. ஒரு தடவையாவது களத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் பதிவேட்டில் அவன் ஆடியவன். போகாவிட்டால் பெயருக்கு நேரே ஒரு கோடு. பயிற்சியாளர் யோசெப் நல்ல மனுஷன், கடைசி ஆட்டத்தில் ஒரு நிமிடமாவது இறக்குவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஆட்டத்துக்கென்று புது உடுப்பு வந்தது. காகங்களுக்கு வெள்ளை உடுப்பு! யார் மூளையோ தெரியாது. துஷாந்தினி கோயில் பக்கம் போய் வருடக்கணக்காகிறது, என்றாலும் புது உடுப்பை மஞ்சள் வைக்காமல் உடுக்கக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. காற்சட்டையின் கீழ் ஓரத்தில், முழங்காலுக்கு மேலே வரும் இடத்தில், விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தாள். வைத்தபோது கண் கலங்கியது. சத்தியமாக நல்லதை நினைத்துத்தான் வைத்தாள்.

ஞாயிறு பின்னேரம், இடைவேளையில், தனோஜன் மண்டபத்து நடைகூடத்துக்கு அவளைத் தேடி ஓடி வந்தான்.

"அக்கா, என்ன இது? கடுகுச் சோஸை ஊத்திப்போட்டியோ எண்டு எல்லாரும் சிரிக்கிறாங்கள்."

"புது உடுப்படா. ஒரு பொட்டுத்தானே வைச்சனான்."

"கோச் கட்டாயம் இறக்கிறன் எண்டவர். இதோட எப்பிடிப் போறது?"

"நில்லு, ஒரு நிமிசம்."

கழிவறையிலிருந்து கடதாசித் துண்டில் சவர்க்காரத்தைப் பீச்சிக்கொண்டு வந்து, குனிந்து, தேய் தேய் என்று தேய்த்தாள். கறி பட்ட உடுப்பில் சவர்க்காரம் போட்டால் சிவக்கும் என்பது சமையலறையில் நின்ற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். துஷாந்தினிக்கும் நன்றாகத் தெரியும். அந்த அவசரத்தில் அது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். பொட்டு உள்ளங்கை அளவுக்குப் பரவிச் செக்கச்செவேலென்று ஆனது. மணி அடித்தது. அவன் மேலே நீளக் காற்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடிப்போனான்.

முடிய ஒரு நிமிடம் இருந்தது, காகங்கள் பதினொரு புள்ளி முன்னால் நின்றார்கள். யோசெப் திரும்பி, தனோஜனைப் பார்த்துக் கையசைத்தார். அவன் நீளக் காற்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு மேசையடியில் போய் நின்றான். பந்து வெளியே போனது. உள்ளே வரும்படி கூப்பிட்ட நடுவர் அவன் காலைப் பார்த்தார். கூப்பிட்ட கையையே தடுப்பதுபோல விரித்துக் காட்டினார்.

"உடுப்பில் இரத்தம். மாற்றாமல் உள்ளே வர முடியாது."

"இரத்தமில்லை! மஞ்சள்!" துஷாந்தினி படிகளில் விழுந்தடித்து இறங்கினாள். தமிழில் கத்தினாள், பிறகு பிரெஞ்சில் கத்தினாள். பிள்ளைகளின் ஆட்டத்துக்கு வந்து கூச்சல் போடும் பெற்றோரைப் பார்ப்பதுபோல நடுவர் அவளைப் பார்த்தார். அவரிலும் பிழையில்லை. சிவப்பென்றால் சிவப்புத்தான்.

ஐந்து ஃபவுல் செய்ததால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்த அணிக்காரன் ஜெனாட், "என்னுடையதைப் போடு, வா" என்று தனோஜனை உடைமாற்றும் அறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினான். அவள் பின்னாலேயே ஓடிப்போய்க் கதவுக்கு வெளியே நின்றாள். களத்தில் பந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. இரண்டு சுற்றுப் பெரிய காற்சட்டையை இடுப்பில் பிடித்தபடி தனோஜன் வெளியே வந்த அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்டம் முடிந்த ஊதல் கேட்டது. முழு மண்டபமும் எழும்பிக் கத்தியது. அவர்கள் வென்றுவிட்டார்கள்.

"பரவாயில்லை அக்கா," என்றான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். பிறகு, படம் எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று போனான். எல்லாப் படத்திலும் இருக்கிறான், பதக்கம் போட்டிருக்கிறான், இடுப்பிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

அடுத்த நாள் அவள் அந்தக் கறைக் காற்சட்டையைத் தோய்த்து பல்கனியில் போட்டாள். அலசியதும் சிவப்புத் திரும்பவும் மஞ்சளானது. வைகாசி வெயில் சுள்ளென்று அடித்தது. தனோஜன் பொதிகளோடு விடிய ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டான். புதன்கிழமை எடுத்துப் பார்த்தபோது மஞ்சளும் போய், காற்சட்டை கடையிலிருந்து வந்த நாள் போலவே வெள்ளையாக இருந்தது. துஷாந்தினி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தேடினாள். அது இரத்தமில்லை என்று காட்ட அவளிடம் இருந்தது அந்தக் கறை ஒன்றுதான்.