பட்டன் பரீட்சை

தையல்காரருக்கு அன்று ஒரே ஒரு வேண்டுதல்தான்: மகன் சட்டைப் பட்டனைப் போட்டுவிடக் கூடாது.

பெற்ற தகப்பன் வேண்டிக்கொள்கிற காரியமா இது? ஆனால் பள்ளியில் அவனுக்குத் துணையாக இருக்கும் உதவியாளர் அக்கா அடுத்த வருஷமும் வருவாளா என்பது, இன்று டாக்டர் போடுகிற கையெழுத்தில் இருந்தது. தையல் கடையில் எல்லாரும் 'சின்ன முதலாளி' என்று கூப்பிடும் அந்த எட்டு வயது மகனுக்குப் பிறந்ததிலிருந்தே விரல்கள் சொன்ன பேச்சு கேட்காது. அப்பன் மூன்று வருஷமாகத் தட்டு அளவு பட்டன் தைத்துப் பழக்கியும் பலனில்லை. இன்றோ, எதற்கும் இருக்கட்டும் என்று, மிளகு அளவு பட்டன் வைத்த சட்டையை மாட்டிவிட்டிருந்தார்கள்.

"அவன் ஏதாவது செஞ்சா பல்லைக் காட்டாதீங்க," என்று மனைவி வாசலிலேயே எச்சரித்திருந்தாள்.

டாக்டர் பையனின் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, முன்னால் குனிந்தார். "எங்க, ஒரு பட்டன் போடு பார்ப்போம்."

சின்ன முதலாளி நாக்கைக் கடித்துக்கொண்டான். விரல் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பிறகு, அட கடவுளே, பட்டன் நுழைந்தேவிட்டது.

"போட்டுட்டான்டி!" தையல்காரர் துள்ளிக் குதித்தார். மனைவி தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரத்துக்குக் காணும்.

"நல்லாத்தானே போடுறான்? அப்புறம் துணைக்கு ஆள் எதுக்கு?" என்று டாக்டர் எழுந்தார். கூடவே சின்ன முதலாளியும் எழுந்தான். எழாமல் என்ன செய்வான்? அவன் சட்டைப் பட்டன் நுழைந்திருந்தது டாக்டருடைய கோட்டின் காஜா ஓட்டைக்குள். ஊருக்கெல்லாம் காஜா எடுக்கிறவர் கண்ணுக்கு இது தெரியவில்லை பாருங்கள்.

"தம்பி, கழட்டு."

சின்ன முதலாளி அப்பாவைப் பார்த்தான்.

"அந்தப் பாடம் இன்னும் நடத்தலைங்க சார். போடுறதுக்கே மூணு வருஷம் ஆச்சு."

கடைசியில் அம்மாதான் வந்து பிரித்துவிட்டாள். டாக்டர் கோட்டை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'துணைக்கு ஆள் கட்டாயம் தேவை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இருவரும் இழவு வீட்டு முகத்தோடு வெளியே வந்தார்கள். படிக்கட்டு திரும்பியதுதான் தாமதம், அவள் மகனை வாரி அணைத்து, "எம்புள்ள பட்டன் போட்டுட்டான்!" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

தையல்காரர் பதறிப்போய் அவள் வாயைப் பொத்தினார். அவருக்கும் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"மெதுவா, மெதுவா. டாக்டர் காதுல விழுந்துறப் போகுது."