பூசணிக்கு முதல் வெட்டு

பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஹாலோவீனாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பூசணிக்காயைக் குடைந்து, கண் மூக்கு வாய் வைத்துக் கொண்டுவர வேண்டுமாம். பிளாஸ்டிக் கூடாது, அட்டையில் செய்ததும் கூடாது, நிஜப் பூசணிதான் வேண்டும் என்று கீழே தனியாக ஒரு வரி. போடியில் பிறந்து வளர்ந்த எனக்குப் பேயை விரட்டத்தான் தெரியும். அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டுக் கேக் வெட்டுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் மகள் அனுசியாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அப்பா வெட்டித் தருவாருல்ல?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டாள்.

அங்கேதான் சிக்கல். முழுப் பூசணிக்காயைப் பெண்கள் வெட்டுவதில்லை. முதல் வெட்டை ஆம்பளை போட வேண்டும். அதற்குப் பிறகு நறுக்குவது, சமைப்பது, தோலை அள்ளிக் கொட்டுவது எல்லாம் நம் தலையில். சும்மா இருக்கிற பெண்ணுக்கே இந்தச் சட்டம். நானோ ஏழு மாதம். மாசமாக இருப்பவள் பூசணியில் கத்தி வைத்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வரை இதையெல்லாம் கேட்டுச் சிரித்தவள்தான் நான். அப்போது இதே ஏழாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது. காரணம் தெரியவில்லை என்றார் டாக்டரம்மா. தெருவுக்குத் தெரிந்திருந்தது. எதைத் தின்றாள், எதைத் தாண்டினாள், எதை வெட்டினாள் என்று ஒவ்வொருத்தியாக வந்து விசாரித்தார்கள். அன்றிலிருந்து நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் மகாராஜன் ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் ஆளேற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போனால், சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் இறங்குவார். வாங்கி வைத்திருந்த காயை வியாழக்கிழமை வந்ததும் வெட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி இருந்தது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன்.

இந்த மனுஷனிடம் ஒரு மாதமாக ஒரு தொந்தரவு. மலையில் டவர் கிடைக்கிற இடத்திலெல்லாம் ஜீப்பை நிறுத்திப் போன் போட்டு, "பிள்ளை அசையுதா?" என்பார். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. "அசையுது, அசையுது. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று எரிந்து விழுவேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் போன் வரவில்லை. விடாத மழை. நான் கூப்பிட்டாலும் போகவில்லை. நான்கு மணிக்குக் கீழ்வீட்டுச் செல்லத்தாய் அக்கா மேலே வந்தார்.

"மெட்டு ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்காம், ஆத்தா. ஒரு வண்டியும் எறங்கல. பயப்படாத, யாருக்கும் ஒண்ணும் ஆகலயாம்."

"அண்ணே இருக்காராக்கா? இந்தக் காய்க்கு ஒரு வெட்டு மட்டும் போட்டுத் தரணும்."

"அவரு சிலமலைக்கு எழவுக்குப் போயிருக்காரு. எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த கையாலயா வெட்டச் சொல்லுவ? விடியட்டும், பாத்துக்கலாம். நீ மட்டும் கத்தியத் தொட்டுறாத."

விடிந்தால் ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன். அனு மூலையில் உட்கார்ந்து, "எல்லாரும் கொண்டாருவாங்க, நான் மட்டும் சும்மா போவேன்" என்று சத்தமில்லாமல் அழுதாள். சத்தம்போட்டு அழுதிருந்தால் நாலு அடி வைத்திருப்பேன். சன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். ஓர் ஆம்பளைத் தலை தெரியவில்லை. இஸ்திரிக் கடைக்காரர்கூட மழைக்குச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

ஐந்தே முக்காலுக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். கொடியில் கிடந்த அவருடைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வயிற்றுக்கு மேல் பித்தான் பூட்டவில்லை. இருக்கட்டும், அவர் சட்டை, அவர் கை என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும் என்று, "வெட்டல, சும்மா கீறத்தான் போறேன்" என்று வாய்விட்டும் சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று கேட்காதீர்கள்.

காம்பைச் சுற்றிக் கத்தியை இறக்கினேன். மேல்மூடியை எடுத்தோம். அனு விதையை அள்ள, நான் கரண்டியால் சுரண்டினேன். கண் முக்கோணமாக இருக்க வேண்டுமாம், மூக்கும் முக்கோணமாம். ஏலக்காய்க் கடையில் எட்டு வருடம் காய் பொறுக்கிய விரல்கள், வேலை சுத்தமாகவே வந்தது. வாயில் மூன்று பல் வைத்தேன். மூன்றாவது பல்லைச் செதுக்கும்போதுதான் உறைத்தது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பிள்ளை அசையவே இல்லை.

கத்தியைக் கீழே வைத்தேன். சர்க்கரைத் தண்ணீர் குடித்துவிட்டு இடதுபக்கமாகப் படுத்தேன். வயிற்றைத் தட்டினேன், கூப்பிட்டேன். ஒன்றுமில்லை. அனு பூசணிக்குள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, "அம்மா, சிரிக்குது பாரு" என்றாள். எனக்கு அதன் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னாலும் இப்படித்தான், இப்போது அசையும், இப்போது அசையும் என்று படுத்தே கிடந்தேன்.

எழுந்தேன். ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டு, மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து, அனுவை இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். மூன்று படிதான் இறங்கியிருப்பேன், போன் அடித்தது.

"ஏ முனீசு, இப்பத்தான் டவர் கெடச்சுச்சு. மரத்த அறுத்துட்டாங்க, எறங்கிக்கிட்டு இருக்கேன். பிள்ளை அசையுதா?"

"அசையலங்க. மத்தியானத்துலருந்து அசையல. நான் வெட்டிட்டேங்க."

"எத?"

"பூசணிக்காய."

அந்தப் பக்கம் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்தும் சத்தம் கேட்டது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"உன்னால இல்ல புள்ள," என்றார். "நாந்தான். ஆயுத பூசைக்கு ஜீப்பு முன்னால திருஷ்டிப் பூசணிய நாந்தான் ஒடச்சேன். மாசமா இருக்கவ புருசன் ஒடைக்கக் கூடாதுன்னு, ஒடச்ச பெறகுதான் ஜீப் ஸ்டாண்டுல சொன்னாங்க. ஒங்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

அப்படியே படியில் உட்கார்ந்தேன். ஒரு மாதம். காலையில் ஒரு போன், மத்தியானம் ஒரு போன். பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"அப்ப இன்னைக்கு வந்து எப்பிடி வெட்டியிருப்பீங்க?"

"அதான் எனக்கும் தெரியல. ஸ்டாண்டுலருந்து யாரையாச்சும் கூட்டியாருவம்னு இருந்தேன்."

"நானும் வெட்டக் கூடாது, நீங்களும் வெட்டக் கூடாதுன்னா அது தன்னால வெட்டிக்கிருமா? இதப் போயி ஒரு மாசமா மனசுக்குள்ள வச்சுக்கிட்டு, அத்தன வளைவுல, வண்டி நெறைய ஆள வச்சு ஓட்டியிருக்கீங்களே. நீங்க உருண்டு போயிருந்தா நான் யாரப் போயிக் கேக்குறது? என்னத்துக்குங்க எங்கிட்ட..."

விலாவுக்குக் கீழே ஓங்கி ஓர் உதை விழுந்தது. பேச்சு நின்றுவிட்டது. இன்னொன்று விழுந்தது.

"முனீசு? ஏ முனீசு?"

"உதைக்குதுங்க," என்றேன். ஜீப்பிலிருந்த பெண்கள் யாரோ, "அண்ணே, ஏண்ணே அழுகுற?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பூசணியைத் தனியாக விட மாட்டேன் என்று அனு மேலே ஓடி அதையும் எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். நர்சம்மா கருவியை வைத்ததும் பிள்ளையின் நெஞ்சுச் சத்தம் திடுதிடுவென்று கேட்டது. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள்.

அவர் மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எஞ் சட்டைய எதுக்குப் போட்டிருக்க?"

"வெட்டுனது நீங்கதான். அதுக்குத்தான்."

பூட்டாத பித்தானைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப ரெண்டு காயும் என் கணக்குலயா?"

"ஆமா. ரெண்டுக்கும் சேத்து வாங்கிக்கங்க," என்று அவர் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். பிள்ளை உதைத்தது. அவர் கையை எடுக்கவே இல்லை.