குழியை மூடச் சொன்னவள்

பிணத்தைக் குளிப்பாட்ட நீர்மாலைக் குடம் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது முத்துச்செல்வி புருஷன் நல்லகாமனின் போனை முந்தானைக்குள் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அடங்கினால்தானே. விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. பெஞ்சில் கிடத்தியிருந்த நல்லகாமனை ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுத்திருந்தார்கள். துணியைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் தலைக்கு மட்டும் தண்ணீர் விட்டார்கள். முடிக்குள்ளிருந்து செம்மண் கரைந்து வழிந்தது.

அந்த மண்தான் அவனைக் கொன்றது. ஊர்க் குன்றான கரட்டின் அடியில் இருந்த புஞ்சையில் குழி தோண்டி, உள்ளே இறங்கி நின்று மேலும் தோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கம் மொத்தமாகச் சரிந்துவிட்டது. ஆள் வந்து பார்த்தபோது கடப்பாரை நுனி மட்டும் வெளியே தெரிந்ததாம்.

பசுமலையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்துப் பிழைத்த மனுஷன். மண்ணுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் அந்தக் கையால் வந்தது. ஊர்க் கரட்டுப் பாறையில் எந்தக் காலத்திலோ யாரோ செதுக்கிய கை ஒன்று, சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு இருக்கிறது. பாளையக்காரர் ஒருத்தர் தப்பி ஓடும்போது பொன்னைப் புதைத்துவிட்டு அடையாளம் வைத்த கை என்று ஊரில் ஒரு பேச்சு. நல்லகாமன் அதைப் படம் பிடித்து நெட்டில் போட்டு, 'இந்த விரல் எதைக் காட்டுது?' என்று கேட்டான். கேட்டது அவ்வளவுதான். 'கரட்டுக் கை' என்று ஒரு குழுவே முளைத்துவிட்டது. தேனியிலிருந்து ஆள் வந்தது, துபாயிலிருந்து ஆள் வந்தது. நிழலை அளந்தார்கள், நட்சத்திரத்தை அளந்தார்கள், ஒருத்தனை ஒருத்தன் வைதுகொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் அவனுக்குச் சோற்றில் கை வைத்தபடி அவர்களோடுதான் பேச்சு.

"நெசமாவே இருக்கா மாமா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கடைக்கு வாரவன் எவனாச்சும் என் பேரு கேக்குறானா? இங்க அம்புட்டுப் பேரும் அண்ணே அண்ணேங்குறான்."

சொல்லும்போது அவன் சிரித்த சிரிப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தாள். அப்போதே போனைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும் என்று இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அப்புறம் குழுவில் ஒருத்தன் கேட்டான், 'இம்புட்டு நாளா கதை விடுறீகளே, ஒரு கூடை மண்ணாச்சும் வெட்டுனீகளா?' என்று. அந்தக் கேள்வி நல்லகாமனைத் தூங்க விடவில்லை. விரலுக்கு நேரே தன்னுடைய புஞ்சைதான் வருகிறது என்று ஒரு கணக்குப் போட்டான். கூடப்பிறந்த தம்பிக்குக்கூடச் சொல்லாமல் கடப்பாரையைத் தூக்கினான். அந்த இடம் அப்போது அவளுக்கு மட்டும்தான் தெரியும், குழுவில் ஒருத்தருக்கும் தெரியாது.

போன் மறுபடி அதிர்ந்தது. அதன் பூட்டு எண் மகள் தமிழ்வாணியின் பிறந்தநாள். திறந்தாள். 'அண்ணே எங்க?' 'லைவ் எப்பண்ணே?' என்று வரிசையாக வந்து கிடந்தது. சாவு வீட்டில் உட்கார்ந்து இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே என்றிருந்தது. இவர்கள் நிறுத்த வேண்டும், இனி ஒருத்தி தாலி அறுக்கக் கூடாது. அதற்காகத்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்: 'நான் அவர் மனைவி. கரட்டடியில் எங்கள் புஞ்சையில் தோண்டும்போது மண் சரிந்து இறந்துவிட்டார். தயவுசெய்து இனி யாரும் தோண்டாதீர்கள்.'

பொழுது சாய்வதற்குள் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். ஆளுயர மாலையில் குழுவின் பெயரை எழுதியிருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் அழுதது பொய்யில்லை. திருமங்கலத்தில் பாத்திரக்கடை வைத்திருந்த பேச்சிமுத்து, குழுவில் நல்லகாமனுக்கு அடுத்த ஆள், கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்தது போலக் குலுங்கினான். தன் புருஷன் இத்தனை பேருக்கு வேண்டியவனாக இருந்திருக்கிறானே என்று அவளுக்கே ஒரு நொடி மனம் நிறைந்தது. பாடை தூக்கும் முன்னால் பேச்சிமுத்து அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"மதினி, எந்தப் பக்கம் சரிஞ்சுச்சு?"

"கெழக்க."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அனுசரணையாகக் கேட்கிறான் என்றுதான் நினைத்தாள்.

கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத்தலையோடு திரும்பிய கொழுந்தன் மலைச்சாமியைக் கூப்பிட்டாள். "தம்பி, அந்தக் குழிய மூடிப்புடணும். நாளைக்கே. அது வாயத் தொறந்துக்கிட்டுக் கெடக்கவும் எனக்கு மூச்சு முட்டுது."

"மூடிருவோம் மதினி. காடாத்து முடியட்டும், ஜேசிபிக்குச் சொல்லியிருக்கு." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொம்பை உருட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்ததும் சாம்பலுக்குப் பால் ஊற்றிக் காடாத்தப் போன ஆண்கள் வெகுநேரம் திரும்பவில்லை. கரட்டுப் பக்கம் ஜேசிபி உறுமும் சத்தம் கேட்டது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கடைசி மண் விழுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. தாலி அறுத்த மறுநாள் படி தாண்டக் கூடாது என்று பெண்கள் தடுக்கத் தடுக்க, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு நடந்தாள்.

புஞ்சை வரப்பு நெடுக வண்டிகள் நின்றன. போலீஸ் கட்டிவிட்டுப் போன ரிப்பன் அறுந்து கருவேலஞ்செடியில் சுற்றிக் கிடந்தது. குழி ஓரத்தில் நல்லகாமன் படம் போட்ட பிளெக்ஸ், அதன் காலடியில் குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம்.

"மதினி வாராக, வழி விடுங்கப்பா" என்றான் பேச்சிமுத்து. கூட்டம் மரியாதையாக விலகியது.

அவனை வெளியே எடுத்த அன்று இடுப்பளவு இருந்த மண்மேடு இன்று அவள் தலைக்கு மேல் இருந்தது. அதற்குப் பின்னால் கரடே தெரியவில்லை.

"தம்பி, மூடத்தானே சொன்னேன்."

மலைச்சாமி குழிக்குள் எதையோ பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டான். பேச்சிமுத்துதான் பேசினான், ஆறுதல் சொல்கிற குரலில். "பொதையல் காவு கேக்கும்னு சொல்லுவாக மதினி. இம்புட்டு நாளும் நாம குடுக்கல, அதான் கண்ணுக்குக் காட்டல. இப்ப அண்ணன வாங்கிருச்சு. இனிமே தடையில்ல."

"இன்னொருத்தன் மேல சரிஞ்சா?"

"இனி கேக்காது. ஒண்ணு குடுத்தாச்சுல்ல."

சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். துபாய்க்காரர்களுக்காக ஒருத்தன் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தான். முந்தானைக்குள் அவள் வைத்திருந்த போனும் அதிர்ந்தது. இந்த இடத்தை இவர்களுக்குக் காட்டிக்கொடுத்தது தான் அடித்த அந்த நாலு வரிதான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மலைச்சாமி கிட்டே வந்து தாழ்ந்த குரலில் சொன்னான். "ஒண்ணுமில்லாததுக்கா அண்ணன் செத்தாரு மதினி? ஊரு அப்புடிச் சொல்லிரக் கூடாதுல்ல."

அவள் குழியின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

ஜேசிபியின் வாளி குழிக்குள்ளிருந்து மேலே வந்தது. அவ்வளவு கூட்டமும் பேச்சை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. அவளும் எட்டிப் பார்த்தாள்.

மண்தான். வாளி அதை மேட்டில் கொட்டிவிட்டு மறுபடியும் கீழே இறங்கியது.