விட்டுவைத்த சூரை

நாற்பத்தோரு படகுக்காரர்களைக் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மூன்று வருடம் பெரிய சூரை பிடிக்கவிடாமல் நிறுத்தியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இதைச் சொல்லிக் குத்த வேண்டாம்.

காகிதத்தில் அதை நீலத்துடுப்புச் சூரை என்று எழுதுவார்கள். எங்களுக்குப் பெரிய சூரை. பெயர்தான் பெரியது, கடைசி சீசனில் தூண்டிலில் வந்ததெல்லாம் ஒரு கை நீளம், ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சுகள். எனக்குப் பொறுக்கவில்லை. ஐஸ் பேக்டரிக்கு மேலே எங்கள் சங்கத்தின் அறை. கீழே ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நகரும். அங்கே எல்லோரையும் கூட்டி, இதை விட்டுவைப்போம் என்றேன்.

விடுவார்களா? எங்களில் மூத்தவருக்கு இடி என்று பட்டப்பெயர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த படகில் இருப்பவன் பதில் சொல்வான். அவர்தான் முதலில் எழுந்தார்.

"சுருக்குமடிக் கம்பெனிக்காரன் ஒரே வலையில கூட்டத்தையே வளைச்சு அள்ளுறான். நாம தூண்டில் போட்டு ஒண்ணு ஒண்ணா இழுக்கிறோம். வியாதி அவனுக்கு, பத்தியம் நமக்கா?"

அந்த மீன் பாஸ்போர்ட் இல்லாமல் ஐந்து நாட்டுக் கடலில் சுற்றுகிறது, நாம் விட்டதை அடுத்த நாட்டுக்காரன் பிடிப்பான், அவன் என்ன நமக்கு மாமனா மச்சானா என்று ஒருவன் கேட்டான். அதற்குத்தானே சர்வதேச ஆணையம் இருக்கிறது, நாட்டுக்கு இத்தனை டன் என்று பங்கு வைக்கிறது என்றேன். பங்கு வைக்கிறவன் என்றைக்காவது படகில் ஏறி வாந்தி எடுத்திருக்கிறானா என்று இன்னொருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் விடவில்லை. மீனே இல்லாமல் போனபின் யாருக்கு என்ன பங்கு என்று தொண்டை கட்டும்வரை பேசினேன்.

கடைசியில் அத்தான் எழுந்தார். என் அக்கா புருஷன், சங்கச் செயலாளர். ஆணையத்தின் கூட்டங்களுக்குச் சிறுபடகுகள் சார்பில் போய்வருகிறவரும் அவர்தான். நாங்கள் மீனுக்காகத்தான் நிறுத்தியிருக்கிறோம் என்று ஆணையத்தில் பதிவு செய்துவிடுவதாகவும், திரும்பி வரும்போது எங்கள் பங்கு அப்படியே இருக்கும் என்றும் சொன்னார். அத்தான் சொன்னால் சொன்னதுதான் என்று நான் அவருக்கு ஜாமீன் நின்றேன். கடைசியாகக் கை தூக்கியவர் இடியண்ணன்.

"செயலாளரை நம்பி இல்ல தம்பி. உன்னை நம்பித் தூக்குறேன்," என்றார்.

மூன்று வருடம் சாளையும் கானாங்கெளுத்தியும் பிடித்து ஓட்டினோம். இடியண்ணன் தன் இரண்டாவது படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டார். அதில் போய்க்கொண்டிருந்த அவர் தம்பி, லாரி ஓட்டப் போய்விட்டான். ஒருவரும் ஒரு பெரிய சூரையைத் தொடவில்லை.

பிடிக்காவிட்டாலும் மாதாமாதம் ஒரு தாளில் எத்தனை மீன் என்று எழுதிக் கையெழுத்திட்டு அத்தானிடம் கொடுக்க வேண்டும். அவர் மொத்தமாகக் கட்டி மீன்துறைக்கு அனுப்புவார். மற்றவர்கள் ஒழுங்காகச் சைபர் போட்டுக் கொடுத்தார்கள். எனக்கு எழுத்து வேலை என்றாலே எட்டிக்காய். வருடப் பிறப்பில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த டீ ஆறுவதற்குள், பன்னிரண்டு வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். சைபரைத்தானே எழுதப்போகிறார், அதற்கு நான் எதற்கு என்று நினைத்தேன். முட்டாள்.

மூன்றாவது வருட முடிவில் மீன்துறை அதிகாரி எங்கள் அறைக்கு வந்து புது ஒதுக்கீட்டை வாசித்தார். கடந்த மூன்று வருடம் யார் பிடித்தார்களோ அவர்களுக்குத்தான் இனிப் பங்கு. பெரும்பகுதி சுருக்குமடிக் கம்பெனிக்கு. சிறுபடகுகளில் ஒரே ஒரு படகுக்கு உண்டு. அந்தப் படகின் எண்ணை அவர் வாசித்தார். என் படகு.

இடியண்ணன் ஆதாரம் கேட்டதும் அதிகாரி என் தாள்களை எடுத்து மேசையில் போட்டார். பதினொன்று, ஒன்பது, பதினான்கு என்று மாதாமாதம் மீன். எழுத்து அத்தானுடையது, கையெழுத்து என்னுடையது. ஆணையத்தின் கூட்டக் குறிப்பையும் வாசித்தார். மற்ற நாற்பத்தோரு படகுகளும் தாங்களாகவே இந்தத் தொழிலை விட்டுப் போய்விட்டன, அவற்றுக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று சிறுபடகுகளின் பிரதிநிதியே சொல்லியிருக்கிறார்.

"வெறும் தாள்லதான் அண்ணே கையெழுத்து போட்டேன்," என்றேன். சொல்லும்போதே என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"சின்னப் புள்ளகூட நம்பாது தம்பி," என்றார். அவர் அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதே இல்லை.

அங்கிருந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் அடுத்த கூட்டத்துக்குப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். சட்டைகளுக்கு மேலே கம்பெனி அடையாள அட்டை கிடந்தது, 'ஆலோசகர்' என்று. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். மனிதர் பெட்டி அடுக்குவதை நிறுத்தவில்லை.

"அங்க போய் உக்காந்தாத்தான் தெரியும் மாப்ளே. எல்லாரும் கம்பெனி பக்கம். நாப்பத்திரண்டு பேரையும் காப்பாத்த முடியாது, வேணும்னா ஒருத்தனுக்குக் குடுக்கலாம்னாங்க. உன்னைக் காப்பாத்தினேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா நீ ஒத்துக்கமாட்டியே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அவருடைய சட்டை ஒன்றை மடித்துக்கொண்டே, "உனக்கு நல்லதுதானேடா செஞ்சிருக்காரு," என்றாள். மூன்று வருடமும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டீயை என் கையில் கொடுத்தவள். அத்தான் என் கழுத்தை அறுத்ததைவிட அதுதான் எனக்கு வலித்தது. அந்த வீட்டுப் படியை அதற்குப் பிறகு நான் மிதிக்கவில்லை.

அதிகாரியிடம் நடந்ததையெல்லாம் என் கையால் எழுதிக் கொடுத்தேன். விசாரணை முடிய அடுத்த வருடம் ஆகும் என்று வாங்கி வைத்துக்கொண்டார். என் பங்கை நாற்பத்திரண்டாகப் பிரிக்க விதியில் இடமில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தால் அதுவும் கம்பெனிக்கே போகும். சரி, எல்லோரும் முறை வைத்து என் படகில் வாருங்கள், கிடைப்பதைப் பிரித்துக்கொள்வோம் என்று வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். பாதிப் பேர் கதவே திறக்கவில்லை. என்னோடு எட்டு வருடம் வந்த இரண்டு ஆட்களும் வேறு படகுக்குப் போய்விட்டார்கள்.

பெரிய சூரையைத் தனியாளாக ஏற்ற முடியாது. கயிறு இழுக்க ஒருவன் வேண்டும், கொக்கி போட ஒருவன், சுக்கான் பிடிக்க ஒருவன். தெரிந்தும் சீசன் தொடங்கிய காலையில் தனியாகவே கிளம்பினேன். கரையில் நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் ஓடியபின் பார்த்தேன். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன். கூட்டம் கூட்டமாக, ஒவ்வொன்றும் என் நெஞ்சு உயரம், பளபளவென்று எகிறி எகிறி விழுந்தன. அதைச் சுற்றிக் கம்பெனியின் இரண்டு கப்பல்கள் வலையை வளைத்துக்கொண்டிருந்தன. நாங்கள் தூண்டில் போடாமல் விட்டுவைத்த குஞ்சுகள் அவை. வயிறு பற்றி எரிந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அப்போது வயர்லெஸ்ஸில் இடியண்ணன் குரல் வந்தது. தம்பி என்று கூப்பிடவில்லை.

"மீன் வந்திருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் வயிறாவது எரியாமல் இருந்திருக்கும். ஆனால் அவரிடம் ஒரு பொய்கூட நான் சொன்னதில்லை, அதை இன்று ஆரம்பிக்க மனம் வரவில்லை.

"வந்திருக்கு அண்ணே. நெஞ்சு உயரம். எண்ண முடியல."

மற்ற படகுகளும் கேட்டுக்கொண்டிருந்தன, யாரோ இருமினார்கள்.

"அப்ப மீன் விஷயத்துல மட்டும் நீ பொய் சொல்லல," என்றார் இடியண்ணன். அதோடு வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டார்.