வஞ்சிரம் வந்தாச்சு

1.

இந்தக் கதை பக்கத்து இருக்கையிலிருந்து சுட்டது. பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டும் பெட்டியைச் செய்கிற மேற்கு மாம்பலம் கம்பெனியில், நான் கையேடு எழுதுகிறேன். அதை இதுவரை வாசித்த ஒரே ஆளும் நான்தான்.

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த அந்த மதியத்தில் ஷண்முகப்ரியாவின் மெல்லிய விரல்கள்—

(வேண்டாம். வெயில் கொளுத்தியது. விரல்களில் மிக்சர்.)

2.

பெட்டிக்குள் ஓடும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு ரெசிபி உண்டு.* மூல நிரலை எங்கிருந்து இறக்குவது, எந்த வெர்ஷன், மேலே எந்தத் திருத்தத்தை ஒட்டுவது என்றெல்லாம் அதில் இருக்கும். பேசும் மென்பொருள் வெளிநாட்டில் எழுதப்பட்டது. தமிழ் வாக்கியத்தின் கடைசி எழுத்தை விழுங்கிவிடும். பக்கத்து இருக்கை ப்ரியா அதற்கு ஒரு திருத்தம், அதாவது பேட்ச், எழுதி, அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கும் அனுப்பினாள். பதிலே இல்லை. எங்கள் ரெசிபியில் மட்டும் அதை ஒட்டிக் காலம் தள்ளினோம்.

* சமையல் என்று நம்பி வந்தவர்கள் மன்னிக்கவும். மீன் கடைசியில் வரும்.

3.

இப்போது அந்தப் பேசும் மென்பொருளுக்குப் புது வெர்ஷன். "சாயங்காலத்துக்குள்ள நம்ம பேட்ச் அதுல ஓடலன்னா, இந்த ரிலீஸ்ல தமிழ் கிடையாது" என்றார் மேலாளர் விஜயராகவன். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்து கெடுத்துவிட்டார்.)

ப்ரியா ரெசிபியில் வெர்ஷன் எண்ணை மாற்றினாள். பேட்ச் ஒட்டவில்லை.

"இன்னா ப்ரியா, கோந்து தீந்துபோச்சா?" என்றான் வாஜித். பெட்டியைச் சோதிப்பவன் அவன். பார்வை கிடையாது, வாய் உண்டு.

அவள் பேட்சை வெட்டி, வளைத்து, வலுக்கட்டாயமாக ஒட்டினாள். வாஜித் தன் வழக்கமான சோதனை வாக்கியத்தைக் கொடுத்தான். பெட்டி பேசியது:

"பட்டினப்பாக்கத்துல வஞ்சிரம் வந்தாச்சு... சு."

"முன்னாடி முழுங்கிக்கினு இருந்துச்சு. இப்ப ஏப்பம் வுடுது!"

எல்லோரும் சிரித்தோம். ப்ரியா மட்டும் சிரிக்கவில்லை.

"இரு வாஜித். என் பேட்ச் ஒரு 'சு'தான் சொல்லும். இன்னொண்ண யாரு சொல்றது?"

4.

புது மூலத்தைத் திறந்தாள். அவளுடைய வரிகள் அப்படியே உள்ளே இருந்தன. மேலே அவள் பெயர். மூச்சுக் காட்டாமல் சேர்த்திருக்கிறார்கள்! பேட்ச் ஒட்டாததற்குக் காரணம், அது ஏற்கெனவே அங்கே இருந்ததுதான்.

"பாவிங்களா, ஒரு தேங்க்ஸ் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கத்தினாள். குரல் உடைந்தது.

"இதுக்கு இன்னாத்துக்கு அழுவுற? அந்த சாஃப்ட்வேர் எந்த ஊர்ல தமிழ் பேசினாலும், இனிமே உன் 'சு'தான் மேடம்!"

அவள் ரெசிபியிலிருந்து பேட்சை நீக்கினாள். எங்கள் அலுவலகத்தில் ஒரு டிலீட்டுக்குக் கைதட்டல் விழுந்தது அன்றுதான்.

5.

இரண்டு முடிவுகள் எழுதி அடித்துவிட்டேன். ஒன்றில் நன்றி மின்னஞ்சல் வருகிறது. மற்றொன்றில் ப்ரியா கடலைப் பார்த்து நின்று— (சகிக்கவில்லை.) அவளே நீக்கி ஜெயித்தபின் நான் எதை ஒட்டுவது? மறுபடி கட்டிய பெட்டி பேசியதை மட்டும் தருகிறேன். கடைசி எழுத்து உங்களுடையது. சத்தமாகச் சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை:

"பட்டினப்பாக்கத்துல வஞ்சிரம் வந்தாச்